அம்மாவின் படிவமும் என் படிவமும்

(2025 அக்டோபரில், கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில், முதியவர்களும் அவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் கூடிய ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வீட்டில் ஒருவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கையில் போனை வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒன்பது வருடம் நானும் அப்படித்தான் கூட்டங்களில் கதவோரமாக இருந்தேன்.

எனக்கு முடக்குவாதம். முப்பத்தெட்டு வயதில் தொடங்கியது. அந்த வருத்தம் உள்ளவர்களுக்குக் காலை ஐந்தரை மணி எப்படிப்பட்ட நேரம் என்று தெரியும். இரவில் விரல்கள் இறுகிப் போயிருக்கும். குசினிக்குப் போய் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் விட்டு, அதற்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால்தான் குழாயைத் திருப்புகிற அளவுக்காவது விரல் மடியும். அதற்குப் பிறகு அம்மாவிடம் போவேன்.

அம்மாவுக்கு நீரிழிவு. அதனால் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவவைக் கட்டிலிலிருந்து கையால் தூக்குவது என்னால் ஆகாத காரியம். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முறை பழகிக்கொண்டோம். அம்மா தன் கையை என் முழங்கை மடிப்புக்குள் கொழுவிக்கொள்வா. நான் பின்னால் சாய்வேன். என் உடம்பின் பாரம் அவவை எழுப்பும். மணிக்கட்டில் பாரம் விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. சில நாள் அம்மாவுக்குத் தலை சுற்றும். பயத்தில் மணிக்கட்டைப் பிடித்துவிடுவா. உடனே கேட்பா: "பிள்ளை, நோகுதே?"

"இல்லையம்மா" என்பேன்.

இன்று நான் பேச வந்தது அந்த "இல்லையம்மா"வைப் பற்றி. அம்மாவிடம் அதைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அதே வார்த்தையை அரசாங்க மதிப்பீட்டிலும் சொல்லிவிட்டேன். அதனால் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் இந்த நாட்டின் ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நம் வீடுகளில் "கெயரர்" என்ற சொல்லுக்கு ஈடாக ஒரு சொல் இருந்ததில்லை. "பராமரிப்பாளர்" என்று துண்டுப் பிரசுரங்களில் போடுகிறார்கள். எந்தத் தாயும் தன் மகளை அப்படிச் சொல்லமாட்டாள். "மகள்தான் என்னைப் பார்க்கிறாள்" என்பாள். பார்ப்பது என்பது பிள்ளையின் கடமை, அதற்குக் காசு கேட்பதா என்ற கூச்சம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்தேன். ஆங்கிலேயரிடமும் அதே கூச்சம்தான் இருந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

மேரி வெப்ஸ்டர் என்று ஒருவர். கிறிஸ்தவ போதகராக இருந்தவர். 1954இல், முப்பத்தொரு வயதில், முதிய பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விட்டார். 1963இல் பத்திரிகைகளுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். கலியாணம் செய்யாத பெண்கள் தாய் தகப்பனைப் பார்க்கப் போய், சம்பளமும் இழந்து, பிற்கால ஓய்வூதியமும் இழந்து வீட்டுக்குள் அடங்கிப் போகிறார்கள் என்று எழுதினார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து பதில்கள் குவிந்தன. 1965இல் அவர்களுக்கென ஓர் அமைப்பு பிறந்தது. இன்று "கெயரர்ஸ் யூகே" என்று நாம் அறிகிற நிறுவனத்தின் வேர் அதுதான். ஒரு பெண் தன் வீட்டுக்குள் இருந்து எழுதிய கடிதத்திலிருந்து இது தொடங்கியது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

1976இல், வீட்டில் ஒருவரைப் பார்ப்பவர்களுக்கான இப்போதைய கெயரர்ஸ் அலவன்ஸின் முன்னோடியான உதவித்தொகை வந்தது. ஆனால் மணமான பெண்ணுக்கு அது கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். ஜாக்கி டிரேக் என்ற மணமான பெண், கடும் இயலாமையுள்ள தன் தாயைப் பார்க்க 1984இல் வேலையை விட்டவர், அதை எதிர்த்து வழக்காடினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூனில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவதற்கு முதல் நாளே அரசாங்கம் இறங்கி வந்து, மணமான பெண்களுக்கும் தருகிறோம் என்று அறிவித்தது. இன்று இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனையோ மருமக்களும் மகள்மாரும் அந்தத் தொகையை எடுப்பதற்கு ஒரு மகளும் அவளுடைய தாயும் காரணம்.

இந்த வரலாற்றில் ஓர் இடைவெளி இருக்கிறது. போராடியவர்கள் எல்லோரும் "வேலை செய்ய முடிந்த நான், அம்மாவுக்காக வேலையை விட்டேன்" என்று சொன்னார்கள். சட்டமும் அந்த உருவத்தை வைத்தே எழுதப்பட்டது. பார்ப்பவர் சுகமானவர், பார்க்கப்படுபவர் வருத்தக்காரர். பார்ப்பவரும் வருத்தக்காரராக இருந்தால்? எங்கள் தெருவில் ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா, "வருத்தக்காரிக்கு வருத்தக்காரி காவல்" என்று. இரக்கத்தோடு சொன்னதுதான். அந்த நிலைக்குப் படிவத்தில் பெட்டியே கிடையாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றதும் சிலர் சோர்ந்து போவீர்கள். தயவுசெய்து இந்த ஐந்து நிமிடம் மட்டும் கூர்ந்து கேளுங்கள். இதைத் தெரியாமல் எங்கள் வீட்டில் பெரும் இழப்பு ஏற்பட இருந்தது.

2025-26ஆம் ஆண்டில் கெயரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண். கிழமைக்கு 35 மணி நேரமாவது பார்க்க வேண்டும். பார்க்கப்படுபவர் முதியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ, பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியோ, அது போன்ற ஒன்றோ பெறுபவராக இருக்க வேண்டும். நீங்களே பிப் எடுத்தாலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பிப் என்பது உங்கள் வருத்தத்தால் வருகிற மேலதிகச் செலவுக்கான தொகை. அது உங்கள் வருமானத்தையும் பார்க்காது, நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள் என்பதையும் பார்க்காது. இதைக் கேட்டதும் என் சிநேகிதி ஒருத்தி உடனே படிவம் நிரப்பச் சொன்னாள். "கிடைக்கிறதை ஏன் விடுகிறாய்?" என்றாள். நானும் நிரப்பி, உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன்.

அந்தக் கிழமை ஓர் ஆலோசனை நிலையத்தில் வேறு விஷயமாக இருந்தபோது, அங்கே இருந்த பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் வருகிறதா? அதில் கடும் இயலாமைக்கான மேலதிகத் தொகை சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். பென்ஷன் கிரெடிட் என்பது வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவித்தொகை. கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். சேர்ந்திருந்தது.

அந்த மேலதிகத் தொகை 2025-26 கணக்கில் கிழமைக்கு 82.90 பவுண். அதற்கு மூன்று நிபந்தனைகள். அம்மா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒன்றைப் பெற வேண்டும். அவவோடு வேறு வயது வந்தவர் வசிக்கக் கூடாது. அவவைப் பார்ப்பதற்காக யாரும் கெயரர்ஸ் அலவன்ஸோ, வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட்டில் கெயரர் தொகையோ பெறக் கூடாது. நான் அம்மாவோடுதான் இருந்தேன். அப்படியானால் அவவுக்கு எப்படி வந்தது? பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெறுகிற ஒருவர் கூட இருந்தால் சட்டம் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. என் வருத்தத்துக்கு நான் பெற்ற பிப்தான் அம்மாவின் அந்தத் தொகையைத் தாங்கி நின்றது. அதுவரை இது எனக்குத் தெரியாது.

இனி நான் கெயரர்ஸ் அலவன்ஸுக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தேன், எல்சிடபிள்யூஆர்ஏ என்கிற பிரிவில். வேலைக்கும் போக இயலாது, வேலைக்கு ஆயத்தப்படவும் இயலாது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கான மேலதிகத் தொகை அது. ஒரே ஆளுக்கு அந்தத் தொகையும் கெயரர் தொகையும் சேர்த்துத் தர மாட்டார்கள். கூடியது எதுவோ அது மட்டும்தான். கெயரர்ஸ் அலவன்ஸைத் தனியாக எடுத்தால் அதை வருமானமாக எண்ணி, யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு பென்ஸ் விடாமல் முழுவதையும் கழிப்பார்கள். ஆக எனக்கு ஒரு பவுணும் கூடாது. அம்மாவுக்கோ கிழமைக்கு 82.90 நிற்கும். வருடத்துக்கு 4,310 பவுணுக்கு மேல். டயாலிசிஸுக்குப் போகாத நாட்களில் வீட்டை நாள் முழுக்கச் சூடாக வைத்திருந்தது அந்தக் காசுதான். அந்த வருத்தத்தில் உடம்பு எந்நேரமும் குளிர்ந்து போகும்.

உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன்.

எல்லோருக்கும் இதே கணக்கு வராது. உங்கள் அம்மாவுக்கு அந்த மேலதிகத் தொகை இல்லையென்றால், நீங்கள் எல்சிடபிள்யூஆர்ஏ பிரிவில் இல்லையென்றால், கெயரர்ஸ் அலவன்ஸ் உங்களுக்கு நல்லதாகவே இருக்கலாம். பார்ப்பவர் என்ற பங்கை உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ மாற்றினால் இன்னும் நல்லதாக இருக்கலாம். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். இரண்டு பேருடைய கடிதங்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். மகள் தன் கடிதத்தோடு ஓர் இடத்துக்குப் போகிறாள். தாய் தன் கடிதத்தை மருந்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஆள் இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களுக்குப் போகும்போது இரண்டு கோப்பையும் கொண்டு போங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெயரர்ஸ் அலவன்ஸ் எடுப்பவர் 2025-26இல், வரியும் சில கழிவுகளும் போக, கிழமைக்கு 196 பவுண் வரை சம்பாதிக்கலாம். அதற்கு மேல் ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைத் தொகை முழுவதும் போய்விடும். 2024-25இல் வரம்பு 151 பவுணாக இருந்தது, தொகை 81.90. வருடம் முழுக்கக் கிழமைக்கு ஒரே ஒரு பவுண் கூட எடுத்த ஒருவர் எடுத்த கூடுதல் 52 பவுண். திருப்பிக் கட்ட வேண்டியது 4,258 பவுண். இப்படிக் கடனாளியாக்கப்பட்டவர்களின் தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் என்று 2024இல் வெளியானபோது நாடே அதிர்ந்தது. லிஸ் சேஸ் என்பவர் தலைமையில் அதை ஆராய ஏற்பாடு செய்தார்கள். ஆய்வு ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் பாருங்கள், மாற்றம் இருந்தால் அன்றே அறிவியுங்கள்.

இனி என் படிவத்துக்கு வருகிறேன்.

பிப் மறுமதிப்பீடு வந்தது. தொலைபேசியில் பேசினார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "அம்மாவை யார் பார்க்கிறார்கள்?" என்ற கேள்வி வந்தபோது எனக்குள் ஒரு பெருமை எழும்பியது. அதை மறைக்க மாட்டேன். ஊரை விட்டு வந்து, அண்ணனையும் இழந்து, அம்மாவுக்கு நான் ஒருத்திதான். "நான்தான். சமையல், குளிப்பாட்டுவது, மருந்து, எல்லாம் நானே" என்றேன். கஷ்டமில்லையா என்று கேட்டார்கள். அங்கேயும் அதே வார்த்தை வந்தது. இல்லை, பழகிவிட்டது என்றேன்.

முடிவுக் கடிதம் வந்தது. தாய்க்குச் சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுப்பதாக விண்ணப்பதாரரே கூறுவதால், தனக்குத் தானே சமைக்கவும் குளிக்கவும் மருந்து எடுக்கவும் இயலும் என்று எழுதியிருந்தது. அன்றாட வாழ்க்கைப் பகுதிக்குக் குறைந்தது 8 புள்ளி வேண்டும். எனக்கு 4 போட்டிருந்தார்கள்.

நான் இழந்தது, 2025-26 கணக்கில் கிழமைக்கு 73.90 பவுணான என் பிப் மட்டும் என்றால் எப்படியோ சமாளித்திருப்பேன். பிப் போனால் நான் சட்டத்தின் கண்ணில் அம்மாவோடு வசிக்கிற சுகமான வயது வந்தவள் ஆகிவிடுவேன். அம்மாவின் மேலதிகத் தொகையும் அதோடு போகும். அதே கணக்கில் இரண்டும் சேர்த்து, கிழமைக்கு 156.80 பவுண். அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை அரிசி வாளிக்குக் கீழே வைத்தேன்.

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்தில்தான் நான் சட்டத்தின் வரிகளை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். 2013ஆம் ஆண்டின் பிப் விதிகளில் நாலாவது விதி. ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால் நான்கு நிபந்தனையும் பொருந்த வேண்டும். ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க விதத்தில் செய்ய வேண்டும். தேவையான தடவைகள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். சாதாரணமாக ஒருவருக்கு ஆகக் கூடியது எவ்வளவு நேரம் செல்லுமோ, அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் அது நியாயமான நேரமில்லை. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், வருடத்தின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படித் தவறினால், அந்தக் காரியத்தை உங்களால் செய்ய முடியாது என்றே பொருள்.

இதை வாசித்தபோது குசினியில் நின்று அழுதேன். என் ஒன்பது வருடத்தையும் யாரோ பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. நான் சமைத்தேன் என்பது உண்மை. பிட்டு அவிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது என்பதும் உண்மை. மரக்கறியை வெட்டிய பக்கற்றாக வாங்கினேன். கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து இறக்க மாட்டேன். கரண்டியால் அள்ளி அள்ளி எடுப்பேன். அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் பாணைத் தின்றேன், இரண்டாவது தடவை கையை அசைக்க முடியாமல். எல்லாம் உண்மை. கேட்டபோது முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டேன்.

ஒரு கொப்பி வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு நாளும் எழுதினேன். அழகாக எழுத வரவில்லை, எழுத்து கோணலாகப் போனது. அந்தக் கோணலும் ஒரு சாட்சியாயிற்று. "செவ்வாய். அம்மாவைக் குளிப்பாட்ட 50 நிமிடம். பலகையில் இருத்தி, ஷவரை முழங்கையால் தள்ளினேன். பிறகு இரண்டு மணி நேரம் படுத்தேன். நான் குளிக்கவில்லை." "வியாழன். மருந்துப் போத்தல் மூடி திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து திறந்தான்." இப்படி.

மறுபரிசீலனையில் முடிவு மாறவில்லை. தீர்ப்பாயத்துக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள்: ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். மருத்துவர் கொப்பியைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "அம்மாவைப் பார்க்காத நாளில் உங்களுக்காக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. அப்படி ஒரு நாள் இருந்ததில்லை என்றேன். பிறகு யோசித்துச் சொன்னேன், அம்மா ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களில் நான் சமைப்பதில்லை, பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் என்று. அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிப் திரும்பக் கிடைத்தது.

உங்களுக்குச் சொல்கிறேன். "அம்மாவைப் பார்க்கிறேன்" என்பதை மறைக்காதீர்கள். மறைப்பது பொய். பிடிபட்டால் எல்லாம் போய்விடும். பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்தக் கருவியை வைத்துச் செய்கிறேன், செய்த பிறகு என்ன ஆகிறது, எனக்கென்று செய்யாமல் விடுவது எது. உங்கள் அம்மாவின் படிவத்தில் "மகள் உதவுகிறாள்" என்று எழுதும்போதே, "மகளுக்கும் இயலாது, இப்படி இப்படித்தான் சமாளிக்கிறாள்" என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டு படிவமும் ஒரே வீட்டைச் சொல்ல வேண்டும்.

2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பார்ப்பவருக்கென்று தனியான மதிப்பீட்டைக் கவுன்சிலிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வருத்தக்காரராகிய உங்கள் சொந்தத் தேவைக்கான மதிப்பீட்டையும் கேட்கலாம். இரண்டையும் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது கிழமைக்கு மூன்று காலை ஓர் உதவியாள். டயாலிசிஸ் நாட்களில். அந்த மூன்று நாள் என் மணிக்கட்டைக் காப்பாற்றின.

2025 மார்ச்சில் அரசாங்கம் பிப் விதியை இறுக்கப் பார்த்தது, நினைவிருக்கும். ஏதாவது ஒரு காரியத்தில் தனியாக 4 புள்ளி எடுத்தாக வேண்டும் என்றார்கள். அங்கே இரண்டு இங்கே இரண்டு என்று சேர்கிற எங்களைப் போன்ற முடக்குவாதக்காரர்களின் தலையில் அது விழுந்திருக்கும். பிப் போனால் அவர்களைப் பார்க்கிறவர்களின் தொகையும் போகும். ஒன்றரை லட்சம் பேர் அப்படி இழப்பார்கள் என்று அரசாங்கத்தின் கணக்கே சொன்னது. ஜூலை முதலாம் திகதி அதைப் பின்வாங்கினார்கள். பிறகு பிப் முழுவதையும் மறுஆய்வு செய்ய ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர் சேர் ஸ்டீபன் டிம்ஸ். நாம் கூடியிருக்கிற இந்த ஈஸ்ட்ஹாமின் பாராளுமன்ற உறுப்பினர். அவருக்கு எழுதுங்கள். தமிழில் யோசித்து, பிள்ளைகளிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவியுங்கள். மேரி வெப்ஸ்டரும் கடிதம்தான் எழுதினார். வருத்தக்காரரைப் பார்க்கிற வருத்தக்காரருக்குப் படிவத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்ல மனம் வராது, ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் இருந்தால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும். அதை நம்பி நிற்கிற கெயரர்ஸ் அலவன்ஸும் நிற்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த திகதியைக் குறித்து வையுங்கள், அறிவியுங்கள். பார்க்கப்பட்டவர் இறந்தால் கெயரர்ஸ் அலவன்ஸ் பெரும்பாலும் எட்டுக் கிழமை தொடர்ந்து வரும்.  ஒருவருக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்வு எதிர்பார்க்க முடியாது என்று மருத்துவர் கருதினால், அட்டெண்டன்ஸ் அலவன்ஸை விசேட விதியின் கீழ் விரைவாக, கூடிய தொகையாகவே தருவார்கள். 2023 ஏப்ரலுக்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது. அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்க நமக்கு நா எழாது. அப்படியானால் தாதியிடம் கேளுங்கள். கேட்பதால் அம்மாவின் ஆயுள் குறையாது.

என் அம்மா இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தா. வீட்டில்தான், அந்தக் கட்டிலில்தான். கொப்பியை நான் தீர்ப்பாயத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. கை எழுதப் பழகிவிட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் இருப்பதை வாசிக்கிறேன்.

"ஞாயிறு. அம்மா சாப்பிடவில்லை. பஞ்சைத் தண்ணியில் நனைத்து உதட்டில் வைத்தேன், 10 நிமிடத்துக்கு ஒருக்கா. வலது கை ஏலாது, இடது கையால். நோகுதே என்று கேட்டா. ஓம் அம்மா, கொஞ்சம் நோகுது என்றேன். தன் கையை என் கைக்கு மேல் வைத்தா."